க்ளீனா, பாஸ்?

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் குறைஞ்சதால நாலு நாள் லீவு போட்டுட்டு ஊருக்கு வந்தேன். குச்சனூர். தெரியாதவங்களுக்காக: தேனி மாவட்டம், சின்னமனூர் பக்கம், சுயம்பு சனீஸ்வரர் கோயில் இருக்கிற ஊரு. ஆடி சனிக்கிழமைகள்ல ஊருக்குள்ள கால் வைக்க இடம் இருக்காது. மத்த நாள்ல வயலும் வாய்க்காலும் காக்காவும்தான்.

ராத்திரி பத்து மணிக்கு மொட்டை மாடியில பாயைப் போட்டுப் படுத்துக்கிட்டு அந்த ஆப்பைத் திறந்தேன். எந்த ஆப்புன்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். பெங்களூர்ல திறந்தா மூஞ்சி மூஞ்சியா வரும். இங்க எல்லாமே கறுப்புக் கட்டம். முகம் கிடையாது, பேர் கிடையாது, தூரம் மட்டும் போட்டிருக்கும். ரெண்டு கிலோமீட்டர், ஏழு கிலோமீட்டர், பதினொண்ணு. என்னை மாதிரியே எங்கெங்கயோ மொட்டை மாடியில படுத்துக்கிட்டு, பக்கத்துல யாராச்சும் வர்றாங்களான்னு ஒரு கண்ணை மாடிப்படி மேல வெச்சுக்கிட்டு இருக்கிற ஆம்பளைங்க.

ஒரு கறுப்புக் கட்டத்துல இருந்து மெசேஜ் வந்தது.

"ஹாய். வயசு?"

"28."

"எந்த ஊரு?"

"குச்சனூர். லீவுக்கு வந்திருக்கேன்."

"இடம் இருக்கா?"

"இல்ல, வீட்ல எல்லாரும் இருக்காங்க."

"ஓகே. க்ளீனா, பாஸ்?"

இந்த நாலாவது கேள்வியைப் பத்தித்தான் இம்புட்டு நீளமா எழுதப் போறேன். விவரம் தெரியாதவங்களுக்கு: குளிச்சிட்டியான்னு கேக்கல. உனக்கு எச்.ஐ.வி. இருக்கான்னு கேக்குறாங்க. அந்த வார்த்தையைச் சொல்லக் கூச்சம், அதனால 'க்ளீன்'. இல்லேன்னா க்ளீன். இருந்தா? அதுக்கு எதிர்ப்பதம் என்னன்னு நீங்களே யோசிச்சுக்குங்க. யாரும் வாயால சொல்றதில்ல, ஆனா கேள்விக்குள்ளயே அது உக்காந்திருக்கு.

நான் ஒரு பொட்டி தட்டுற ஆளு. நாலு வருஷம் இஞ்சினியரிங், அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் பெங்களூர். தன்பாலீர்ப்பாளன். மூணு வருஷமா எச்.ஐ.வி. பாசிட்டிவ். தினம் ராத்திரி ஒரு மாத்திரை. ரத்தத்துல வைரஸ் எண்ணிக்கை கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கீழ. சொல்லியாச்சு. இதுக்கு மேல படிக்க இஷ்டம் இல்லாதவங்க இங்கயே இறங்கிக்கலாம், சில்லறை திருப்பித் தர்றேன்.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

அஞ்சு வருஷத்துக்கு முந்தி என்னோட ப்ரொபைல்லயே 'க்ளீன் ஒன்லி'ன்னு எழுதியிருந்தது. ஆமா, என்னோடதுலதான். அடுத்தவனைத் திட்டுறதுக்கு முன்னாடி இதைச் சொல்லிடணும். அப்ப ஒருத்தர்கூட ரெண்டு வாரம் பேசினேன். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர், எங்க கம்பம் பள்ளத்தாக்குக்காரர்தான். முல்லைப் பெரியாறு தண்ணி எப்பத் திறப்பாங்க, திராட்சை என்ன விலை போகுதுன்னு ஆரம்பிச்சு அவங்க அப்பா செத்த கதை வரைக்கும் பேசியிருக்கோம். நேர்ல பாக்கலாம்னு தேனியில ஒரு ஹோட்டல் கூட முடிவு பண்ணியாச்சு. முந்தின நாள் ராத்திரி அவரே சொன்னார்: "தம்பி, பாக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். நான் பாசிட்டிவ். மருந்து சாப்பிடறேன், கண்ட்ரோல்ல இருக்கு. யோசிச்சுட்டு வாங்க."

நான் யோசிக்கல. பத்து செகண்ட் கூட ஆகல, பிளாக் பண்ணிட்டேன். ஒரு வார்த்தை பதில் கிடையாது. அதுக்கப்புறம் போய் சோப்பு போட்டுக் கை கழுவினேன். போனைத் தொட்ட கையை! இஞ்சினியரிங்ல எய்ட்டி பர்சன்ட் வாங்கினவன் பண்ணின வேலை இது.

அதுக்கப்புறம் 'க்ளீன்' ஆளுங்ககூட மட்டும்தான் பழகினேன். எல்லாரும் க்ளீன்தான். கேட்டேன், "க்ளீன்"னு சொன்னாங்க, நம்பினேன். ரெண்டு வருஷம் கழிச்சு ரெண்டு வாரம் விடாம காய்ச்சல், டாக்டர் எல்லா டெஸ்ட்டும் எழுதிக் கொடுத்தார், பாசிட்டிவ். நேர்மையா உண்மையைச் சொன்ன ஒரே ஆளை நான் விரட்டினேன். எனக்கு அது வந்தது 'க்ளீன்'னு சொன்ன யாரோ ஒருத்தர்கிட்ட இருந்து. அந்த ஆள் பொய் சொல்லியிருக்கணும்னு கூட இல்ல. அவருக்கே தெரியாம இருந்திருக்கலாம். டெஸ்ட்டே எடுக்காத வரைக்கும் நாம எல்லாருமே க்ளீன்தானே?

நம்ம தொழில் பாஷையில சொல்றேன். டெஸ்ட்டே பண்ணாத மாட்யூல்ல பக் எண்ணிக்கை எப்பவும் ஜீரோதான். ரிப்போர்ட்டைப் பாத்துட்டு மேனேஜர் சந்தோஷப்படுவார். டெஸ்ட் பண்ணி, பக் கண்டுபிடிச்சு, சரி பண்ணி, மாசாமாசம் கண்காணிக்கிற மாட்யூலைப் பாத்து "அய்யய்யோ, இதுல பக் இருந்திருக்கே"ன்னு ஒதுக்கி வெச்சா அந்தக் கம்பெனி உருப்படுமா? 'க்ளீன் ஒன்லி' பண்ற வேலை அதேதான். டெஸ்ட் எடுத்தவனுக்குத் தண்டனை, எடுக்காதவனுக்குப் பரிசு. போன மாசம் எடுத்த டெஸ்ட் நெகட்டிவ்னா கூட அது போன மாசத்து நிலவரம்தான். தொற்று நடந்து டெஸ்ட்ல தெரியறதுக்கு, டெஸ்ட்டோட வகையைப் பொறுத்து, சில வாரத்துல இருந்து மூணு மாசம் வரைக்கும் ஆகலாம். அந்த இடைவெளியில ஒருத்தன் கையில நெகட்டிவ் பேப்பரை வெச்சுக்கிட்டே அடுத்தவனுக்குக் கொடுக்க முடியும். அதுவும் புதுசா தொத்தின அந்த ஆரம்ப வாரங்கள்லதான் ரத்தத்துல வைரஸ் எக்கச்சக்கமா இருக்கும்.

சரி, மருந்து சாப்பிடற ஆள்கிட்ட இருந்து எவ்வளவு ஆபத்து? இங்கதான் நம்ம ஜனங்க இன்னும் 1990ல நிக்கிறாங்க.

2011ல எச்.பி.டி.என். 052ன்னு ஒரு பெரிய ஆராய்ச்சியோட முடிவு வெளியாச்சு. ஒன்பது நாடுகள்ல, ஒருத்தருக்கு எச்.ஐ.வி. இருந்து இன்னொருத்தருக்கு இல்லாத 1,763 ஜோடிகள். அதுல நம்ம சென்னையும் புனேவும் உண்டு. மருந்தை முன்கூட்டியே ஆரம்பிச்சா ஜோடிக்குப் பரவுறது 96 சதவீதம் குறையுதுன்னு தெரிஞ்சது. "அதெல்லாம் பெரும்பாலும் ஆண்-பெண் ஜோடிங்கதானே, நம்ம கதை வேற"ன்னு அப்ப ஒரு பேச்சு வந்தது. அதுக்கும் பதில் வந்துடுச்சு. 2019ல லான்செட் இதழ்ல பார்ட்னர்-2 ஆராய்ச்சி. ஐரோப்பாவுல ஆண்-ஆண் ஜோடிகள் 782. எல்லா ஜோடியிலயும் ஒருத்தர் பாசிட்டிவ், மருந்து சாப்பிட்டு வைரஸைக் கட்டுக்குள்ள வெச்சிருக்கிறவர். ஆணுறை இல்லாம சுமார் 76,000 தடவை உறவு. பாசிட்டிவ் ஜோடிகிட்ட இருந்து இன்னொருத்தருக்குப் பரவினது எத்தனை தெரியுமா? ஜீரோ.

அதே ஆராய்ச்சியில இன்னொரு விஷயம் இருக்கு, அதை யாரும் பெருசா பேசறதில்ல. அந்த நெகட்டிவ் ஆளுங்கள்ல 15 பேருக்கு அந்தக் காலத்துல எச்.ஐ.வி. வந்திருக்கு. வைரஸோட மரபணுவை எடுத்துப் பொருத்திப் பாத்தாங்க. ஒண்ணுகூட வீட்டுல இருந்த பாசிட்டிவ் ஜோடியோட வைரஸ் இல்ல. எல்லாமே வெளியில இருந்து வந்தது. என் கதையும் அதேதான், மரபணு டெஸ்ட் எடுக்காத குறை ஒண்ணுதான் பாக்கி.

2023 ஜூலையில உலக சுகாதார நிறுவனமும் தெளிவா சொல்லிடுச்சு: மருந்தை ஒழுங்கா சாப்பிட்டு, வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுல இருக்கிறவர்கிட்ட இருந்து பாலுறவு மூலமா பரவுற ஆபத்து பூஜ்யம். குறைவு இல்ல, பூஜ்யம். ஆனா ஒண்ணு: இதுக்கு நிபந்தனை இருக்கு. மாத்திரையை விடக்கூடாது, வைரல் லோடு டெஸ்ட்டைத் தவறாம எடுக்கணும். சிபிலிஸ் மாதிரி மத்த தொற்றுக்கெல்லாம் இந்தக் கணக்கு செல்லாது, அதுக்கு ஆணுறைதான். இதை நான் மறைக்கல. மறைச்சா நானும் 'க்ளீன்' வியாபாரிதான்.

இந்த மருந்து ஏதோ அமெரிக்காக்காரனுக்கு மட்டும் கிடைக்கிறதும் இல்ல. 2004 ஏப்ரல் 1ல இருந்து இந்தியாவுல அரசு ஆஸ்பத்திரிகள்ல இலவசம். முதல்ல எட்டே ஆஸ்பத்திரி, அதுல நம்ம தாம்பரமும் ஒண்ணு. 2017ல இருந்து டெஸ்ட் பாசிட்டிவ்னா உடனே மருந்து ஆரம்பிக்கலாம், எதிர்ப்புச் சக்தி குறையற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல. மூணு மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை. எங்கம்மா சாப்பிடற சுகர் மாத்திரை நாளைக்கு மூணு. சொல்லப்போனா வீட்டுல நான்தான் குறைச்சலா மாத்திரை சாப்பிடறேன்.

இப்ப கோவத்துக்கு வர்றேன்.

2018 செப்டம்பர் 6. உச்ச நீதிமன்றம் 377ஐ நம்ம மேல இருந்து எடுத்த நாள். எல்லாருக்கும் அந்தத் தேதி மனப்பாடம். அன்னைக்கு ராத்திரி நான் ஹாஸ்டல் பாத்ரூம்ல தண்ணியைத் திறந்துவிட்டுட்டு அழுதேன். சரி, அதே 2018 செப்டம்பர் 10 என்ன நாள்? தெரியுமா? யோசிங்க. தெரியாது. எனக்கும் பாசிட்டிவ் ஆகிற வரைக்கும் தெரியாது. எச்.ஐ.வி. - எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017ல பார்லிமெண்ட்ல நிறைவேறினது, அமலுக்கு வந்த நாள். வேலையில, ஆஸ்பத்திரியில, பள்ளிக்கூடத்துல, வாடகை வீட்டுல எச்.ஐ.வி. இருக்கிறவங்களை ஒதுக்கக் கூடாதுன்னு சொல்ற சட்டம். ரெண்டுக்கும் நடுவுல நாலே நாள். முதல் தேதிக்கு வருஷா வருஷம் கேக் வெட்டுறோம். ரெண்டாவது தேதியை ஒருத்தனும் சீண்டல.

இந்த ரெண்டும் தனித்தனி கதைன்னு நினைக்கிறவங்களுக்காகக் கொஞ்சம் வரலாறு. 377ஐ எதிர்த்து முதல் முதலா கோர்ட்டுக்குப் போனது 1994ல. ஏ.பி.வி.ஏ.ன்னு ஒரு அமைப்பு. பேரே 'எய்ட்ஸ் பாகுபாடு எதிர்ப்பு இயக்கம்'. டெல்லி திகார் ஜெயில்ல கைதிகளுக்கு ஆணுறை கொடுக்க மாட்டேன்னு சொன்னதுலதான் அந்த வழக்கே பிறந்தது. அடுத்து 2001ல நாஸ் பவுண்டேஷன். அதுவும் எச்.ஐ.வி. வேலை பாத்த அமைப்புதான். சட்டம் பயமுறுத்துறதால ஆளுங்க டெஸ்ட்டுக்கும் வர்றதில்ல, ஆணுறைக்கும் வர்றதில்லன்னு அவங்க வாதம். 2006ல அரசாங்கத்தோட தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பே அந்த வாதத்துக்கு ஆதரவா கோர்ட்டுல பிரமாணப் பத்திரம் கொடுத்தது. 2009ல டெல்லி உயர் நீதிமன்றத்துல ஜெயிச்சு, 2013ல உச்ச நீதிமன்றத்துல தோத்து, கடைசியா 2018.

அதாவது நாம இன்னைக்கு ஆப்புல தைரியமா போட்டோ போடற உரிமையோட அடித்தளத்துல எச்.ஐ.வி.க்காரங்களோட ரத்தம் இருக்கு. அந்த வீட்டுக்குள்ள குடியேறிட்டு, வாசல்ல 'க்ளீன் ஒன்லி'ன்னு போர்டு மாட்டுறோம். எப்படிங்க மனசு வருது?

இன்னொண்ணு. சென்னை உயர் நீதிமன்றத்துல மதுரையைச் சேர்ந்த ரெண்டு பெண்களோட வழக்குல 2021 ஜூன்ல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு உத்தரவு போட்டார். அதோட தொடர்ச்சியா 2022 ஆகஸ்ட்ல தமிழக அரசு, நம்மளை மரியாதையா குறிப்பிடறதுக்கான சொல் பட்டியலை அரசிதழ்லயே வெளியிட்டது. 'எங்களை அந்த வார்த்தை சொல்லிக் கூப்பிடாதே, இந்த வார்த்தை சொல்லிக் கூப்பிடு'ன்னு ஒரு அரசாங்கத்தையே கேக்க வெச்ச கூட்டம் நாம. ஒரு சொல்லு ஆளை எப்படிக் குத்தும்னு நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அப்புறம் 'க்ளீன்' மட்டும் எப்படி நம்ம கண்ணுல படல?

அதுவும் நம்ம ஊர்ல! சுத்தம்ங்கிற வார்த்தையை வெச்சுக்கிட்டு ஆளுங்களை வாசல்ல நிறுத்தினது, தனிக் கெணறு, டீக்கடையில ரெட்டை டம்ளர் வெச்சது எல்லாம் நம்ம தமிழ்நாட்டுக் கதைதானே? என் ப்ரெண்ட் ஒருத்தன், சாதி ஒழிப்பு பத்தி மணிக்கணக்கா பேசுவான். அவன் ப்ரொபைல்ல போய்ப் பாத்தா 'க்ளீன், டிசென்ட் கைஸ் ஒன்லி'. டேய், உங்க தாத்தா பேசின அதே பாஷைடா இது. இங்கிலீஷ்ல எழுதினா மட்டும் முற்போக்கு ஆயிடுமா?

உடனே வர்ற எதிர்வாதங்களை நானே எடுத்து வெச்சிடறேன்.

ஒண்ணு: "யாரோட பழகறதுன்னு முடிவு பண்றது என் உரிமை." சத்தியமா உங்க உரிமைதான். என்கூடப் படுத்தே ஆகணும்னு யாரும் ரிட் மனு போடல. "எனக்குப் பயமா இருக்கு"ன்னு சொல்லுங்க, புரிஞ்சுக்குவேன். பயம் மனுஷனுக்கு வர்றதுதான், எனக்கும் இருந்தது. ஆனா உங்க பயத்துக்கு என் மேல அழுக்குன்னு பேர் வைக்காதீங்க. கேக்கணும்னா நேரா கேளுங்க: "கடைசியா எப்ப டெஸ்ட் எடுத்தீங்க?" அதைக் கேக்கறதுக்கு முன்னாடி அதே கேள்விக்கு உங்க பதிலைச் சொல்லுங்க. நூத்துக்குத் தொண்ணூறு பேர் அந்த இடத்துல ஆஃப்லைன் ஆயிடறாங்க. (இது ஆராய்ச்சி முடிவு இல்ல, என் சொந்தக் கடுப்பு.)

ரெண்டு: "அப்ப பாசிட்டிவ் ஆளுங்க சொல்லாமலே ஏமாத்தலாமா?" கூடாது. நான் சந்திக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். அது என் முடிவு. சட்டம் என்ன சொல்லுதுன்னா, ஒருத்தரோட நிலையை அவர் சம்மதம் இல்லாம வெளியிடச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது, கோர்ட் உத்தரவு இருந்தா ஒழிய. அதே சட்டம், ஆலோசனை பெற்ற பாசிட்டிவ் நபர் அடுத்தவருக்குப் பரவாம இருக்க நியாயமான முன்னெச்சரிக்கை எல்லாம் எடுக்கணும்னும் சொல்லுது. ரெண்டும் சேர்ந்ததுதான் நியாயம். பொறுப்பு ரெண்டு பேருக்கும் உண்டு. ஆணுறை உங்க கடைத்தெருவுலயும் கிடைக்குது. நெகட்டிவ் ஆளுங்க முன்கூட்டியே சாப்பிடற தடுப்பு மாத்திரை, பிரெப்னு சொல்வாங்க, அதுவும் வந்தாச்சு. உங்க பாதுகாப்பை மொத்தமா அடுத்தவனோட ஒரு வார்த்தை பதில்ல கொண்டு போய் அடமானம் வெக்காதீங்க.

மூணு: "அப்ப ப்ரொபைல்லயே நிலையைப் போட்டுட வேண்டியதுதானே? அதுக்குன்னு ஒரு கட்டம் இருக்கே." இருக்கு. 2018 ஏப்ரல்ல என்ன ஆச்சு தெரியுமா? கிரைண்டர் ஆப், அதை உபயோகிக்கிறவங்களோட எச்.ஐ.வி. நிலையை, கடைசியா டெஸ்ட் எடுத்த தேதி உட்பட, ரெண்டு வெளிக் கம்பெனிகளோட பகிர்ந்துக்கிட்டது அம்பலமாச்சு. சத்தம் கிளம்பினதும் நிறுத்திட்டோம்னாங்க. இடம், போன் அடையாளம், நோய் நிலை எல்லாம் சேர்ந்து போறது என்னன்னு ஒரு டெவலப்பருக்கு விளக்க வேண்டியதில்ல. அதுவும் குச்சனூர் மாதிரி ஊர்ல, 'ரெண்டு கிலோமீட்டர் தூரத்துல பாசிட்டிவ்'னு ஒரு கட்டம் தெரிஞ்சா, அடுத்த நாள் டீக்கடையில என் தெருப் பேரு வந்துடும்.

நம்ம நாட்டுல இது ஒண்ணும் கற்பனை இல்ல. நாகாலாந்தைச் சேர்ந்த ஒரு டாக்டர், ரத்தம் கொடுக்க வந்த இடத்துல சென்னை ஆஸ்பத்திரியில அவருக்கு எச்.ஐ.வி.ன்னு தெரிஞ்சு, விஷயம் வெளிய போய், அவர் கல்யாணமே நின்னுபோச்சு. கேஸ் போட்டார். 1998ல உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்டவங்களுக்குக் கல்யாணம் பண்ற உரிமையே நிறுத்தி வைக்கப்பட்ட உரிமைதான்னு சொல்லிடுச்சு! 2002ல அதே கோர்ட், அந்தக் கருத்து அந்த வழக்குக்குத் தேவையே இல்லாததுன்னு விலக்கிக்கிட்டது. நாலு வருஷம், இந்த நாட்டுல இருந்த அத்தனை எச்.ஐ.வி.க்காரங்களும் கல்யாண உரிமை தொங்கல்ல இருக்கிற ஆளுங்க. கோர்ட்டாச்சும் நாலு வருஷத்துல திருத்திக்கிச்சு. நம்ம ஆப்பு ஜனங்க இன்னும் 1998லயே இருக்காங்க.

எதிர்ப்பக்கம் என்ன நடந்ததுன்னும் பாருங்க. 1986ல சென்னையில, இந்தியாவுல எச்.ஐ.வி. இருக்குன்னு முதல்ல கண்டுபிடிச்ச குழுவோட தலைவர் டாக்டர் சுனிதி சாலமன். அவங்க கடைசிக் காலம் வரைக்கும் வைத்தியத்தோட இன்னொரு வேலையும் பாத்தாங்க: பாசிட்டிவ் ஆளுங்களுக்கு வரன் பாத்துக் கொடுக்கிறது. சாதி, படிப்பு, சம்பளத்தோட சேத்து ரத்த ரிப்போர்ட்டையும் வெச்சு ஜோடி சேத்தாங்க. 'லவ்சிக்'னு 2017ல ஒரு ஆவணப்படமே வந்திருக்கு. அதைப் பாத்தப்ப எனக்குச் சிரிப்பும் வந்தது, பொறாமையும் வந்தது. மருந்து கொடுத்தா மட்டும் போதாது, இந்த ஆளுக்குத் துணையும் வேணும்னு ஒரு டாக்டருக்குத் தோணியிருக்கு பாருங்க. 2015ல அவங்க இறந்துட்டாங்க. எங்களுக்கு வரன் பாக்க யாரும் இல்ல. நாங்களே நாலு கேள்வியில பாத்துக்கறோம்.

கடைசியா, வெளியில இருக்கிறவங்களைத் திட்டி முடிச்சாச்சு, உள்ள இருக்கிறவனுக்கு வர்றேன்.

தன்பாலீர்ப்பை ஏத்துக்க எனக்கு இருபத்திரெண்டு வயசு ஆச்சு. ஏத்துக்கிட்டதும் 'வேலை முடிஞ்சுது'ன்னு நினைச்சேன். பாசிட்டிவ்னு ரிப்போர்ட் வந்த அன்னைக்குத்தான் தெரிஞ்சது, நான் ஏத்துக்கிட்டது என்னை இல்ல. ஒரு 'நல்ல' கே பையனை. படிச்ச, சம்பாதிக்கிற, டிசென்ட்டான, க்ளீனான பையனை. 'நான் இப்படி இருந்தாலும் ஒழுக்கமானவன்'னு ஊருக்கு நிரூபிக்க வெச்சிருந்த ஒரு பொம்மை. ரிப்போர்ட் வந்ததும் பொம்மை உடைஞ்சது. நான் எனக்கே சொல்லிக்கிட்ட வார்த்தை எல்லாம், எங்க சொந்தக்காரங்க கே பத்திப் பேசற அதே வார்த்தைங்க. 'உனக்கு வேணும்.' 'ஆடினேல்ல.' 'அசிங்கம்.'

எங்கம்மாவுக்கு ரெண்டும் தெரியாது. கல்யாணப் பேச்சை நான் தட்டிக் கழிக்கறது மட்டும் தெரியும். ஜாதகத்தைப் பாத்துட்டு ஏழரைன்னு முடிவு பண்ணிட்டாங்க. "ராசா, இந்த சனிக்கிழமை ஒரு முழுக்குப் போட்டுட்டு எள்ளு வெளக்கு ஏத்திடு, எல்லாம் வெலகிடும்"னாங்க. சரிம்மான்னு போனேன். சுரபி நதியில விடியக்காலம் குளிக்கிற கூட்டம். பழைய துணியை அவிழ்த்துத் தண்ணியில விட்டுட்டு, புதுசு கட்டிக்கிட்டு வர்றவங்க. நானும் முழுகினேன். முழுகும்போது ஒரு செகண்ட், சத்தியமா சொல்றேன், 'இது போயிடணும் சாமி, நான் க்ளீன் ஆயிடணும்'னு மனசு கெஞ்சிச்சு. இந்த மூணு வருஷப் படிப்பு, லான்செட், பார்ட்னர்-2 எல்லாம் அந்த ஒரு செகண்ட்ல தண்ணியோட போச்சு.

அப்புறம் வரிசையில நிக்கும்போதுதான் யோசிச்சேன். எங்க ஊர் தலபுராணம் சின்ன வயசுல இருந்து கேட்ட கதை. தினகரன்னு ஒரு ராஜா, அவர் எடுத்து வளர்த்த பையன் சந்திரவதனன். ராஜாவுக்கு ஏழரை பிடிச்சு படாத பாடு படறார். பையன் சனீஸ்வரரைக் கும்பிட்டு என்ன கேட்டான்? 'இதைக் கழுவி விடு'ன்னா? இல்ல. 'அவர் கஷ்டத்தை எனக்குக் கொடு'ன்னு கேட்டான். அதுல சாமியே இரங்கி, ஏழரை வருஷத்தை ஏழரை நாழிகையா குறைச்சாராம். நான் பெரிய பக்திமான் எல்லாம் கிடையாது. ஆனா எங்க ஊர் கோயில் வரிசையில ஒரு நல்ல விஷயம் உண்டு. அதுல நிக்கிற ஒருத்தரும் 'எனக்கு ஒரு குறையும் இல்ல'ன்னு காட்டிக்க வரல. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே எல்லாருக்கும் தெரியும், எல்லாருக்கும் ஏதோ ஒண்ணு பிடிச்சிருக்குன்னு. அதனால யாரும் யாரையும் 'நீ சுத்தமா'ன்னு கேக்கறதில்ல. காக்காவுக்குச் சோறு வெச்சுட்டு, பக்கத்துல நிக்கிறவங்களுக்கு எள்ளு உருண்டை நீட்டிட்டுப் போறாங்க.

நம்ம வரிசையும் அப்படி இருந்தா என்ன?

சரி, அந்த நாலாவது கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னேன்னு கேக்கறீங்களா? இதைத்தான் டைப் பண்ணேன்:

"நான் பாசிட்டிவ். மருந்துல இருக்கேன், வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவு. என்கிட்ட இருந்து பரவாது. நீங்க கடைசியா எப்ப டெஸ்ட் எடுத்தீங்க?"

டைப்பிங்னு காட்டிச்சு. நின்னுச்சு. மறுபடி டைப்பிங். அப்புறம் ஆஃப்லைன். பழகிப்போன விஷயம்தான், போனைக் கவுத்து வெச்சுட்டு மாத்திரையைப் போட்டுட்டுத் தூங்கிட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு, நான் பெங்களூர் பஸ்ல இருக்கும்போது அதே கறுப்புக் கட்டத்துல இருந்து ஒரு மெசேஜ்.

"அண்ணே, டெஸ்ட் எங்க எடுக்கணும்? ஊர்ல தெரியாம எடுக்க முடியுமா?"

பாஸ், அண்ணன் ஆயிட்டேன்! அரசு ஆஸ்பத்திரியில 'நம்பிக்கை மையம்'னு போர்டு இருக்கும், காசு கிடையாது, ரகசியமா வெச்சுக்குவாங்க, கவுன்சிலர் உக்கார வெச்சுப் பேசுவாங்க, சொந்த ஊர்ல பயமா இருந்தா பக்கத்து ஊர்ல போய் எடுங்கன்னு சொன்னேன். 1097 இலவச நம்பரையும் கொடுத்தேன். "சரிண்ணே"ன்னு வந்தது. அதுக்கப்புறம் ஒண்ணும் வரல. போனானா, போகலையா, என்ன வந்ததுன்னு எனக்குத் தெரியாது. எதுவா இருந்தாலும் அவன் அழுக்கு இல்லன்னு சொல்ல மறந்துட்டேன். அதான் இங்க எழுதி வைக்கறேன், கண்ணுல பட்டா பாத்துக்கட்டும்.

டிஸ்கி 1: அஞ்சு வருஷத்துக்கு முந்தி தேனியில ஒரு ஹோட்டல்ல எனக்காகக் காத்திருந்தீங்களா, இல்ல முந்தின ராத்திரியே புரிஞ்சுக்கிட்டீங்களான்னு தெரியல. மன்னிச்சிடுங்கண்ணே. நீங்க மட்டும்தான் உண்மையைச் சொன்னீங்க.

டிஸ்கி 2: "எச்.ஐ.வி.க்கு மூலிகை இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டு வர்றவங்க தயவு செஞ்சு வேற தெருவுல போய்க் கூவவும். மாத்திரையை விட்டா வைரஸ் திரும்பி வரும். அதுக்கு எந்தப் பரிகாரமும் கிடையாது.